தட்டணுவின் வடிவமாற்றமும் அதை அளக்கும் ஒளியும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, கடலூர், புதுச்சேரி வட்டாரங்களில் காலி மனைகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் நீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்க வரும் உறவினர் முதலில் கேட்பது “கவுண்ட் எவ்வளவு?” என்பதுதான். எந்தக் கவுண்ட் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை, திரண்டு இரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) இருக்க வேண்டும் என்ற கணக்கு, டெங்கு தந்த அச்சத்தால், மருத்துவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களுக்கும் பழகிப்போயிருக்கிறது.

அந்த எண், தட்டணுக்கள் எத்தனை இருக்கின்றன என்பதைச் சொல்லுமே தவிர, இருப்பவை வேலை செய்யும் நிலையில் உள்ளனவா என்பதைச் சொல்லாது. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, குளோபிடோக்ரெல் மாத்திரை உட்கொள்பவருக்கு மூன்று லட்சம் தட்டணுக்கள் இருக்கலாம். மருந்தின் விளைவால் அவற்றின் திரளும் ஆற்றல் குன்றியிருக்கும். ஒன்றோடொன்று பற்றிக்கொள்ள உதவும் புரதம் பிறவியிலேயே குறைவுபட்ட குழந்தைக்கும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்; பால்பல் விழுந்த இடத்திலோ மணிக்கணக்கில் இரத்தம் கசியும். செயல்திறனை அறிய வேண்டுமானால் தட்டணுவைத் தூண்டிவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். தூண்டப்பட்ட தட்டணு முதலில் செய்வது தன் வடிவத்தை மாற்றிக்கொள்வது. சில நொடிகளில் முடிந்துவிடும் அந்த மாற்றத்தை ஒளியைக் கொண்டு அளக்கும் முறைகளும், அவற்றின் பின்னுள்ள இயற்பியலும், அவை நம்மை ஏமாற்றும் இடங்களும் இக்கட்டுரையின் பொருள். ஆய்வக வரைகோட்டின் தொடக்கத்தில் தோன்றி, பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தாமல் விடும் ஒரு சிறு சரிவைத் தனிச் செய்தியாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓய்வு நிலையிலுள்ள தட்டணு, 2 முதல் 3 மைக்ரோமீட்டர் விட்டமும் அதில் பாதிக்கும் குறைந்த தடிப்பும் கொண்ட, மழமழப்பான வட்டத் தட்டு. எலும்பு மச்சையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பெருஞ்செல்லிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வருவதால் அதற்கு உட்கரு கிடையாது; 7 முதல் 10 நாள் வரை இரத்தத்தில் சுற்றிவிட்டு அழிகிறது. தட்டு வடிவத்தைக் காப்பது, விளிம்பை ஒட்டி உட்புறமாகச் சுற்றிச் செல்லும் நுண்குழல் வளையம். சவ்வுக்கு அடியில் ஆக்டின் முதலிய புரதங்களாலான வலைப்பின்னல் ஒன்று தாங்கி நிற்கிறது. மேற்பரப்புச் சவ்வு பல இடங்களில் உட்புறமாகக் குழிந்து கால்வாய்கள்போல் ஓடுவதால், தேவைப்படும்போது வெளியே விரித்துக்கொள்ளக் கூடுதல் சவ்வு எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

குழாயின் சுவரில் காயம் ஏற்பட்டு, சேதமுற்ற செல்களிலிருந்தும் முன்பே தூண்டப்பட்ட தட்டணுக்களிலிருந்தும் ஏடிபி (ADP, அடினோசின் டைபாஸ்பேட்) என்ற வேதிப்பொருள் வெளிப்படும்போது, அது தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள இரண்டு ஏற்பிகளில் சென்று பொருந்துகிறது. பி2ஒய்1 என்ற ஏற்பியில் பொருந்தும்போது, செல்லின் உள்ளறைகளில் சேமித்து வைக்கப்பட்ட கால்சியம் விடுவிக்கப்படுகிறது. கால்சியம் ஒரு நொதியை முடுக்கிவிட, அந்த நொதி மயோசின் என்னும் இழுவிசைப் புரதத்தைச் செயலுக்குக் கொண்டுவருகிறது. நுண்குழல் வளையம் சுருண்டு நடுவை நோக்கி இழுபட, தட்டாக இருந்தது கோளமாகத் திரள்கிறது. அதே நேரத்தில் புதிதாகக் கட்டப்படும் ஆக்டின் இழைகள் சவ்வை வெளியே தள்ளி, மெல்லிய போலிக்கால்களை நீட்டுகின்றன. இன்னோர் ஏற்பியான பி2ஒய்12, வடிவமாற்றத்தைத் தானாகத் தொடங்குவதில்லை. பின்னர் நிகழும் திரட்சியை வலுப்படுத்தி நீடிக்கச் செய்வது அதன் பணி. திராம்பின், திராம்பாக்சேன் போன்ற தூண்டிகளுக்கு, கால்சியத்தைச் சாராமல் ரோ-கைனேஸ் வழியாகவும் வடிவத்தை மாற்றும் இன்னொரு பாதை உண்டு. இந்த வேலைப் பிரிவினை, பின்னால் வரைகோட்டைப் படிக்கும்போது மிகவும் பயன்படும்.

தட்டணுக்கள் திரள்வதை ஒளியால் அளக்கும் முறையை கஸ்டவ் பார்ன் 1962இல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஓ’பிரையன் என்பவரும் தனியாக அதே வழியைக் கண்டறிந்திருந்தார். கஸ்டவ் பார்ன், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் மகன். தந்தை மாக்ஸ் பார்ன் 1935-36இல் சர் சி. வி. இராமனின் அழைப்பின் பேரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சில மாதங்கள் தங்கியிருந்தவர் என்பதை, ஒளிச்சிதறலைப் பற்றிப் பேசும் கட்டுரையில் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

முறை எளியது. உறையாமலிருக்கச் சிட்ரேட் கலந்த இரத்தத்தை மெதுவாகச் சுழற்றினால் (புவியீர்ப்பைப் போல் 200 மடங்கு விசையில் 10 நிமிடம்) சிவப்பணுக்கள் அடியில் தங்க, தட்டணுக்கள் நிறைந்த கலங்கலான பிளாஸ்மா மேலே நிற்கும். எஞ்சியதை வேகமாகச் சுழற்றினால் தட்டணுக்களும் படிந்து, தெளிந்த பிளாஸ்மா கிடைக்கும். கலங்கல் பிளாஸ்மாவின் வழியே செல்லும் ஒளியைப் பூச்சியம் என்றும், தெளிந்த பிளாஸ்மாவின் வழியே செல்லும் ஒளியை 100 விழுக்காடு என்றும் கருவியில் நிலைநிறுத்துகிறார்கள். கலங்கல் பிளாஸ்மாவைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 37 டிகிரி செல்சியசில் வைத்து, நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் ஒரு சிறு காந்தத் துண்டால் கலக்கிக்கொண்டே ஏடிபியைச் சேர்த்தால், தட்டணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டு இடைவெளிகள் உண்டாகின்றன. அவற்றின் வழியே ஒளி அதிகமாகப் புகுந்து வருகிறது. ஒளியின் அளவு நேரத்தோடு எப்படி ஏறுகிறது என்பதே வரைகோடு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், தட்டணுச் செயல்பாட்டுச் சோதனைகளுக்கு உரைகல்லாகக் கருதப்படுவது இதுதான்.

ஏடிபியைச் சேர்த்த உடனே கோடு மேலே ஏறிவிடுவதில்லை. முதலில் சற்றே கீழே இறங்குகிறது. அதாவது, பிளாஸ்மா முன்பிருந்ததைவிடவும் சிறிது கூடுதலாகக் கலங்குகிறது. ஓரிரு நொடிகளில் தொடங்கி விரைவில் அடிமட்டத்தைத் தொடும் இந்தச் சரிவுக்குப் பிறகே ஏற்றம் தொடங்கும். குழாய்ச் சுவரிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைத் தூண்டியாகப் பயன்படுத்தினால், சில பத்து நொடித் தயக்கத்துக்குப் பின் சரிவு இன்னும் தெளிவாகத் தெரியும். மைக்கலும் பார்னும் 1971இல், ஊடுருவி வரும் ஒளியையும் பக்கவாட்டில் சிதறும் ஒளியையும் ஒருசேர அளந்து, இது திரட்சிக்கு முந்திய விரைவான வடிவமாற்றத்தின் அடையாளம் என்பதை ஆராய்ந்து வெளியிட்டனர்.

வடிவம் மாறினால் ஒளி ஏன் குறைய வேண்டும்? மேலோட்டமாகப் பார்த்தால் நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. ஒரே கனஅளவுள்ள தட்டையும் கோளத்தையும் எல்லாக் கோணங்களிலும் திருப்பிப் பார்த்து, அவை வீழ்த்தும் நிழலின் பரப்பைச் சராசரி எடுத்தால் கோளத்தின் நிழலே சிறியது. நிழல் சிறுத்தால் ஒளி அதிகமாக அல்லவா கடந்துவர வேண்டும்? தட்டணு ஒளிபுகாப் பொருளாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் தட்டணு ஏறக்குறைய நிறமற்றது. அதன் ஒளிவிலகல் எண், அதைச் சூழ்ந்த பிளாஸ்மாவைவிடச் சில நூற்றில் பங்கு மட்டுமே அதிகம். அது ஒளியை விழுங்குவதில்லை. தன்னூடே செல்லும் அலையைச் சற்றே தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். தாமதப்பட்ட அலையும் வெளியே தடையின்றி வந்த அலையும் சேரும்போது படி பிறழ்ந்து, ஒளியின் ஒரு பகுதி நேர்ப்பாதையிலிருந்து விலகிப்போகிறது. அந்த விலகலே நம் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறது.

தாமதம் சிறிதாக இருக்கும் வரை, விலகிப்போகும் ஒளி தாமதத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். தாமதமோ, ஒளி தட்டணுவுக்குள் கடக்கும் தொலைவைப் பொறுத்தது. ஆக, பரப்பையும் அந்தத் தொலைவின் இருமடியையும் பெருக்கியதே சிதறலின் அளவு. பரப்பையும் தொலைவையும் ஒருமுறை பெருக்கினால் கனஅளவு வந்துவிடும். அது வடிவமாற்றத்தின்போது பெரிதாக மாறுவதில்லை. எஞ்சி நிற்பது இன்னொரு மடங்கு தொலைவு. எல்லாக் கோணங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒரே கனஅளவுள்ள வடிவங்களில் இந்தக் கூட்டுத்தொகை மிக அதிகமாக இருப்பது கோளத்தில்தான். ஆகவே தட்டு கோளமாகும்போது நிழல் சிறுத்தும், சிதறல் கூடி, கடந்துவரும் ஒளி குறைகிறது. நீட்டப்படும் போலிக்கால்கள் மெலிந்தவை என்பதால் அவை சிதறலுக்கு மிகக் குறைவாகவே பங்களிக்கின்றன. கோளத்திலிருந்து பொருளை எடுத்துக் கால்களாக நீட்ட நீட்ட, சரிவின் ஆழம் ஓரளவு குறையவும் கூடும். சரிவு என்பது இவ்விரண்டு போக்குகளின் நிகர விளைவு. அதன் ஆழத்தை மட்டும் வைத்துக்கொண்டு போலிக்கால்கள் எத்தனை, எவ்வளவு நீளம் என்றெல்லாம் சொல்ல முயல்வது கணக்குக்கு மீறிய ஆசை.

வானத்தின் நீலத்தை விளக்கிய ராலேயின் விதியை இங்கே பொருத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1921ஆம் ஆண்டுக் கப்பல் பயணத்தில் கடலின் நீலம் நீர் மூலக்கூறுகளின் சிதறலால் உண்டாவது என்று இராமன் கண்டது, அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களின் உலகம். தட்டணுவின் விட்டம், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைப் போல் நான்கைந்து மடங்கு. இவ்வளவு பெரிய துகள் சிதறடிக்கும் ஒளியின் பெரும்பகுதி, எல்லாத் திசைகளிலும் பரவாமல், முன்னோக்கிய ஒரு குறுகிய கூம்புக்குள்ளேயே செல்லும். இதற்கு நடைமுறை விளைவு ஒன்று உண்டு. கருவியின் உணரி அகன்ற வாயோடு அமைந்திருந்தால், சற்றே விலகிய ஒளியையும் நேராக வந்த ஒளியாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். அப்போது சரிவு ஆழமற்றதாகத் தோன்றும். குறுகிய வாயுள்ள உணரியில் அதே மாதிரி ஆழமான சரிவைக் காட்டும். எனவே ஒரு கருவியின் சரிவு அளவை வேறொரு நிறுவனத்தின் கருவி காட்டும் அளவோடு நேரடியாக ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒளியின் நிறமும் கவனத்துக்குரியது: மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கசிந்திருந்தால், அது பச்சை, நீலப் பகுதிகளில் ஒளியை விழுங்கிவிடும் என்பதால், சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதே பொருத்தம்.

வரைகோட்டில் இன்னொரு செய்தியும் மறைந்திருக்கிறது. தூண்டுவதற்கு முன், கோடு நேராக இல்லாமல் சிறு நடுக்கத்தோடு தடித்துத் தெரியும். கலக்கப்படும் நீர்மத்தில் தட்டுகள் ஓட்டத்தின் போக்குக்கு ஏற்ப ஒருசேரத் திரும்புவதும் கலைவதுமாக இருப்பதால் ஒளி ஏறி இறங்குகிறது. வடிவம் கோளமானதும் எப்பக்கம் திரும்பினாலும் ஒன்றே என்பதால் நடுக்கம் அடங்கிக் கோடு மெலிகிறது. சரிவின் ஆழத்தைவிட இந்த நடுக்கம் அடங்குவதே தட்டு வடிவம் போய்விட்டது என்பதற்கு நேரான சான்று என்று நான் கருதுகிறேன். அதைக் கெடுக்கும் பிற காரணங்கள் குறைவு. இக்காலக் கணினிக் கருவிகள் கோட்டை அழகாக்குவதற்காக இந்த நடுக்கத்தையே வடிகட்டி அழித்துவிடுவது வருந்தத்தக்கது.

கருவியே இல்லாமல் இதே நிகழ்வைக் கண்ணால் பார்க்கும் வழக்கம் இரத்த வங்கிகளில் உண்டு. தட்டணுப் பையை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்ல அசைத்தால், நல்ல நிலையிலுள்ள தட்டணுக்கள் பட்டைபட்டையாக மினுங்கும். தேவனாம்பட்டினம் கரையோரம் நெத்திலிக் கூட்டம் ஒருசேரத் திரும்பும்போது நீரில் ஓடும் வெள்ளி மினுக்கம் போன்றது அது. உள்ளேயிருப்பவை கோளங்களாகிவிட்டால் எவ்வளவு அசைத்தாலும் மினுக்கம் தோன்றாது. ஒரே சீரான மங்கலே தெரியும். செலவில்லாத இந்தச் சோதனை, ஒளிச்சிதறல் கொள்கையின் மிக எளிய பயன்பாடு.

தட்டணுப் பையை ஏன் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதில்லை என்பதற்கும் விடை வடிவத்தில்தான் இருக்கிறது. குளிரில் நுண்குழல் வளையம் கலைந்து, தட்டு கோளமாகிவிடுகிறது. குளிரில் வைக்கப்பட்ட தட்டணுக்கள், ஏற்றப்பட்ட பிறகு உடலில் நீண்ட நேரம் தங்குவதில்லை என்பதை மர்பியும் கார்ட்னரும் 1969இல் காட்டினர். அதன் பின்னரே 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே, 5 நாள் வரை சேமிக்கும் முறை நிலைபெற்றது. பின்னர் 2003இல் வெளிவந்த ஆய்வு, குளிரால் மேற்பரப்புப் புரதங்கள் கொத்துக்கொத்தாகச் சேர்வதையும், அவற்றை அடையாளம் கண்டு கல்லீரலின் விழுங்கு செல்கள் தட்டணுக்களை அகற்றிவிடுவதையும் விளக்கியது. ஆகவே வடிவம் கெட்டதே அழிவுக்கு முழுக்காரணம் என்று இப்போது சொல்ல முடியாது. அது உடன்வரும் அடையாளம். ஆயினும், சேமித்த தட்டணுக்களுக்கு ஏடிபி கொடுத்து, அவற்றால் இன்னும் எந்த அளவுக்கு வடிவத்தை மாற்ற முடிகிறது என்று ஒளிமானியில் அளக்கும் சோதனை, அவை உடலில் பிழைத்திருக்கும் வாய்ப்பை ஓரளவு முன்கூட்டிக் காட்டுவதால், சேமிப்பு ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது. முன்பே கோளமாகிவிட்டது மீண்டும் கோளமாக முடியாது என்ற எளிய தர்க்கமே அதன் அடிப்படை.

நோயறிதலில் சரிவின் பயன் என்ன? கிளான்ஸ்மன் என்பவர் 1918இல் விவரித்த பிறவிக் குறைபாட்டில், தட்டணுக்களை, பிளாஸ்மாவிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தோடு பிணைக்கும் கிளைகோபுரதம் இருப்பதில்லை, அல்லது செயல்படுவதில்லை. ஏடிபி, கொலாஜன் எதைச் சேர்த்தாலும் கோடு மேலே ஏறுவதே இல்லை. ஆனால் தொடக்கச் சரிவு மட்டும் ஒழுங்காகத் தோன்றும். அதாவது, தட்டணு செய்தியைக் கேட்டுவிட்டது, உள்ளிருக்கும் இயந்திரமும் இயங்கியது, கடைசிப் பிணைப்பு மட்டும் நடக்கவில்லை. சரிவும் இல்லை, ஏற்றமும் இல்லை என்றால் முதலில் ஐயப்பட வேண்டியது மாதிரியை அல்லது தூண்டியை. இந்த நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுவது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நீடித்து வந்துள்ள நம் மாவட்டங்களில், மூக்கில் அடிக்கடி இரத்தம் வடியும் சிறுமிக்கோ, முதல் மாதவிடாயிலேயே இரத்தம் ஏற்ற வேண்டிவரும் பெண்ணுக்கோ, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல் இச்சோதனையை நினைத்துப் பார்ப்பது அவசியம்.

மருந்துகளின் விளைவையும் சரிவு பிரித்துக் காட்டும். குளோபிடோக்ரெல் அடைப்பது பி2ஒய்12 ஏற்பியை மட்டுமே. பி2ஒய்1 திறந்தே இருக்கும். எனவே அந்த மாத்திரை உட்கொள்பவரின் கோட்டில் ஏடிபிக்குச் சரிவு அப்படியே இருக்க, ஏற்றம் குறைந்தோ, ஏறியபின் திரும்ப இறங்கியோ காணப்படும். ஆஸ்பிரினும் ஏடிபியால் வரும் சரிவைத் தொடுவதில்லை. திராம்பாக்சேன் உற்பத்தியைத் தடுப்பதால் இரண்டாம் கட்டத் திரட்சியே மழுங்குகிறது. அட்ரினலின் தனிப்போக்குடையது: அது வடிவமாற்றமே இல்லாமல் திரட்சியைத் தூண்டுவதால், அதன் கோட்டில் சரிவு இல்லாதது குறைபாடு ஆகாது. சரிவைத் தேடிப் பழகிய கண் இங்கே தடுமாறக்கூடும்.

சரிவைத் தனியாகப் பிரித்து அளக்க வேண்டுமானால், பின்தொடரும் திரட்சியைத் தடுத்தாக வேண்டும். இரண்டு மூன்று தட்டணுக்கள் மட்டும் சேர்ந்த நுண்திரள்களும், மேலே சொன்ன அதே இயற்பியலின்படி, ஒளியைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கவும் கூடும் என்பதால், அவை கலந்துவிட்டால் சரிவு எதனுடையது என்று சொல்ல முடியாது. இரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் வெளியிலுள்ள கால்சியம் கட்டுண்டு, ஃபைப்ரினோஜன் பிணைவது நின்றுவிடும். வடிவமாற்றத்துக்குத் தேவையான கால்சியம் செல்லின் உள்ளேயே இருப்பதால் அது தொடர்ந்து நிகழும். ஆனால் இடிடிஏயில் நேரம் செல்லச் செல்லத் தட்டணுக்கள் தாமாகவே உருண்டுவிடும் இயல்புடையவை. ஆகையால் அளவீட்டைத் தாமதிக்கலாகாது. வழக்கமான இரத்தச் சோதனை அறிக்கையில் ‘சராசரித் தட்டணுக் கனஅளவு’ என்று அச்சாகி வரும் எண்ணும் இதே காரணத்தால் நம்பகம் குறைந்தது: இரத்தம் இடிடிஏ குழாயில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பொறுத்து, மின்தடை முறையில் எண்ணும் கருவிகளில் அது கூடிக்கொண்டே போகும். பண்ருட்டியில் காலையில் எடுத்த இரத்தத்தைப் புதுச்சேரியில் மாலையில் அளந்து, அந்த எண் ஏறியிருக்கிறது என்று நோயைத் தேடுவது வீண் வேலை.

மாதிரியைக் கையாளும் விதத்தில்தான் இச்சோதனை பெரும்பாலும் தோற்கிறது. வெளியூர் ஆய்வகங்களுக்கு இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது நம் பக்கத்தில் நன்கு பழகிய ஏற்பாடு. பல சோதனைகளுக்கு அது சரியானதே. தட்டணுவின் வடிவத்துக்கோ அதைவிடக் கேடு வேறில்லை. இரத்தம் எடுத்த 4 மணி நேரத்துக்குள், அறை வெப்பத்திலேயே வைத்திருந்து, சோதனை முழுவதும் முடிந்தாக வேண்டும். ஆதலால் விருத்தாசலத்திலோ காட்டுமன்னார்கோவிலிலோ இருப்பவர், இந்தக் கருவி உள்ள மருத்துவமனைக்குத் தாமே சென்று கை நீட்டுவதுதான் வழி. குழாயை மட்டும் அனுப்புவது பயன் தராது. இரத்தம் எடுக்கும்போது ஊசி தேடித் துழாவினாலோ, கட்டு இறுக்கமாக நீண்ட நேரம் இருந்தாலோ, தட்டணுக்கள் சோதனைக்கு முன்பே தூண்டப்பட்டு வடிவம் மாறிவிடும். முந்திய வேளையில் எண்ணெயும் நெய்யும் மிகுந்த உணவு உண்டிருந்தால் பிளாஸ்மாவே பால்போல் கலங்கி ஒளியைத் தடுக்கும். ஆஸ்பிரின், வலிநிவாரணிகள் உட்கொண்டதை நோயாளி சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. ஆஸ்பிரின் தொட்ட தட்டணு தன் வாழ்நாள் முழுதும் மீளாது என்பதால், மருத்துவரின் அனுமதியோடு அதை 10 நாள் அளவுக்கு நிறுத்திய பின்னரே சோதிக்க முடியும். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது உயிருக்கே ஆபத்து என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி டெங்குக்கு வருவோம். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர்கொண்ட ஜிப்மரும், கொசுவழி நோய்களை ஆராய 1975இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் அமைந்த புதுச்சேரியில், டெங்கையும் தட்டணுவையும் சேர்த்துப் பேசுவது இயல்பே. எனினும், பார்ன் வகுத்த முறை டெங்கு நோயாளிக்கு உதவாது. கலங்கலின் மாற்றத்தை அளக்கும் முறைக்கு முதலில் போதிய கலங்கல் வேண்டும். எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டால் சரிவும் ஏற்றமும் நம்பத்தக்கவையாக இரா. எண்ணிக்கை 20,000 அளவுக்கு இறங்கியவரிடம் அம்முறையால் அறியக்கூடியது எதுவுமில்லை.

அந்த இடத்தில் உதவக்கூடியது, செல்களை ஒவ்வொன்றாக லேசர் கற்றையின் முன் ஓடவிட்டு அளக்கும் பாய்வு சைட்டோமீட்டர். முன்னோக்கிச் சிதறும் ஒளி துகளின் அளவையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளமைப்பின் சிக்கலையும் தோராயமாகக் காட்டும். தட்டு வடிவத் துகள் கற்றையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் காட்டுகிறது என்பதைப் பொறுத்துச் சமிக்ஞை வேறுபடுவதால், ஓய்வுத் தட்டணுக்களின் சிதறல் பரவலாக விரிந்திருக்கும். கோளமானதும் அந்தப் பரவல் குறுகிவிடும். கூடவே, தூண்டப்பட்ட தட்டணுவின் மேற்பரப்பில் மட்டுமே தோன்றும் பி-செலக்டின் போன்ற புரதங்களை ஒளிரும் எதிர்ப்பொருளால் குறியிட்டால், வடிவம் மாறியதா, உள்துகள்கள் வெளியேறியதா என்ற இரண்டையும் ஒரே செல்லில் பார்க்கலாம். எண்ணிக்கை குறைந்திருந்தாலும் சில ஆயிரம் செல்கள் போதும். முழு இரத்தத்தின் சில மைக்ரோலிட்டரே தேவை. ஆனால் தட்டணுத் துணுக்குகளும், செல் அல்லாத தூசித் துகள்களும் அதே சிறிய அளவுப் பகுதியில் வந்து கலப்பதால், தட்டணுவுக்கே உரிய புரதத்தைக் குறியிடாமல் சிதறலை மட்டும் நம்புவது தவறு.

முழு இரத்தத்தில் மின்முனைகளின் மேல் தட்டணுக்கள் படிவதை அளக்கும் மின்தடைத் திரட்சிமானியும் சில மருத்துவமனைகளில் உண்டு. சுழற்றிப் பிரிக்கும் வேலை அதில் மிச்சம். ஒளியே இல்லாததால் வடிவமாற்றம் அதன் கண்ணில் படாது.

டெங்குக் காய்ச்சலில் உயிருக்கு முதன்மையான ஆபத்து, நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து இரத்த அழுத்தம் வீழ்வது. அதனால்தான் மருத்துவர்கள் எண்ணிக்கையோடு, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட்டையும் மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். எண்ணிக்கை 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்து, இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவது இரத்தக்கசிவைத் தடுக்கவில்லை என்பதைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்றப்பட்டவர்களிடம் பக்கவிளைவுகளே கூடுதலாக இருந்தன. நல்ல மினுக்கத்தோடு இருந்த பையிலிருந்து ஏற்றினாலும், நோயுற்ற உடலுக்குள் அத்தட்டணுக்கள் நீடிப்பதில்லை. உறவினர்கள் பை தேடிக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடுவதற்கு முன், இரத்தக்கசிவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதே பயனுள்ள முதல் கேள்வி.

ஆய்வுக்கூடங்களில் இப்போது தட்டணுவை நேரடியாகப் பார்த்தே அளக்கும் ஒளியியல் முறைகள் வளர்ந்துவருகின்றன. தட்டணுவினூடே செல்லும் ஒளி எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கும் ஹோலோகிராம் நுண்ணோக்கி, சாயம் எதுவும் சேர்க்காமலேயே ஒரு தட்டணுவின் தடிப்பு வரைபடத்தைத் தருகிறது. பார்னின் குழாயில் கோடிக்கணக்கான தட்டணுக்களின் சராசரியாகக் கலங்கி நின்ற அதே தாமதம்தான் இங்கே தனித்தனியாகப் பிரிந்து தெரிகிறது. எந்தப் போலிக்கால் எந்த நொடியில் நீண்டது என்பதை இதில் காணலாம். ஆனால் கண்ணாடியில் படிந்த தட்டணு, அந்தப் பரப்பைத் தொட்டதாலேயே தூண்டப்பட்டு விரியத் தொடங்கிவிடும் என்பதால், மிதந்து திரியும் தட்டணுவின் வடிவமாற்றத்தை அது அப்படியே காட்டுவதாகக் கொள்ள முடியாது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் ஆய்வாளர்கள் இரண்டு அளவீடுகளையும் ஒரே நன்கொடையாளரின் இரத்தத்தில், ஒரே மணி நேரத்துக்குள் செய்து ஒப்பிடுகிறார்கள்.